காகிதத்தின் ஆயுள்

தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மருக்குள் சுழலும் உறுப்பு, உரசும் உறுப்பு என்று எதுவும் இல்லை. மோட்டாரில் பேரிங் தேயும். பம்பில் வாஷர் கிழியும். இன்ஜினில் ரிங் போகும். டிரான்ஸ்பார்மரில் தேய்வதற்கு ஒன்றும் கிடையாது. உள்ளே இருக்கும் இரும்புத் தகடும் செம்புக் கம்பியும் எத்தனை வருஷமானாலும் அப்படியே இருக்கும். எண்ணெய் கெட்டால் வடிகட்டலாம், மாற்றலாம். மாற்ற முடியாதது கம்பியின்மேல் சுற்றிய பழுப்புக் காகிதம் மட்டும்தான். அந்தக் காகிதம் கருகி நொறுங்கும் அன்று டிரான்ஸ்பார்மரின் கதை முடிந்தது. டிரான்ஸ்பார்மரின் ஆயுள் என்பது அதன் காகிதத்தின் ஆயுள். மண்ணூர்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் என் இளமையைக் கழித்து நான் கற்றது இதைத்தான்.

1980களின் நடுவில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். சென்னையில் பாடிக்கும் அம்பத்தூருக்கும் இடையில், எம்.டி.எச். ரோட்டை ஒட்டிய ஊர் மண்ணூர்பேட்டை. கிழக்கே லூகாஸ், பிரிட்டானியா. மேற்கே டன்லப், டி.ஐ. சைக்கிள். அந்த ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்கே கம்பெனிப் பெயர்தான். 1960களில் அரசு அமைத்த அம்பத்தூர் தொழிற்பேட்டை வளர வளர, அதன் ஓரத்துச் சந்துகளிலும் ஷெட்டுகள் வந்தன. ஒன்றில் லேத், அடுத்ததில் பவர் பிரஸ், அதற்கடுத்ததில் மோட்டார் ரீவைண்டிங். எங்களுடையது டிரான்ஸ்பார்மர் ஷெட். கம்பிக்குக் காகிதம் சுற்றித் தருகிறவர், டேங்க் வெல்டிங் செய்கிறவர், போர்சலின் புஷ்ஷிங் விற்கிறவர் எல்லோரும் சைக்கிளில் போய் வரும் தூரத்தில் இருந்தார்கள். டிரான்ஸ்பார்மர் ஒரு கூரையின் கீழ் பிறப்பதல்ல. ஒரு வட்டாரமே சேர்ந்து செய்வது.

திருநின்றவூர்ப் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்கி நடக்கும் பெண்கள் கூட்டத்தில் நானும் ஒருத்தி. பிளஸ் டூ முடித்திருந்தேன். கோர் அடுக்குவது, டேங்கில் இறக்குவது, எண்ணெய் ஏற்றுவது ஆண்களின் வேலை. காயில் சுற்றும் பிரிவில் இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். அந்தப் பிரிவை நடத்தியவர் அரக்கோணத்திலிருந்து வரும் ஓர் அக்கா. முதல் நாள் என்னை மெஷினில் உட்காரவைக்காமல், ஒரு துண்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்தார். "மோந்து பாரு, தொட்டுப் பாரு, கிழிச்சுப் பாரு. இதுதான் உன் வேலை. கம்பி எல்லாம் அதுக்கப்புறம்" என்றார். நீள்வாக்கில் இழுத்தால் கிழிய மறுத்தது. குறுக்கே சுலபமாகக் கிழிந்தது. கையில் வேர்வை இருந்தால் அந்த இடம் உடனே தளர்ந்தது.

எங்களிடம் அதிகம் செய்யப்பட்டது 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். 11,000 வோல்ட்டில் வாங்கி 433 வோல்ட்டில் கொடுப்பது. மூன்று ஃபேஸுக்கு கோரில் மூன்று கால்கள். ஒவ்வொரு காலிலும் உள்ளே குறைந்த வோல்ட்டுக்கான எல்.டி. காயில், அதைச் சுற்றி வெளியே அதிக வோல்ட்டுக்கான எச்.டி. காயில். கோர் எர்த்தில் இருக்கிறது; குறைந்த வோல்ட் உள்ள காயிலை அதன் பக்கத்தில் வைத்தால் குறைந்த காப்பு போதும். 433 வோல்ட் என்பது இரண்டு ஃபேஸுக்கு நடுவே. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 250. அது லைனில் கொஞ்சம் இறங்கி வீட்டுக்கு வரும்போது 230, 240 என்று நிற்கும். எச்.டி. பக்கம் டெல்டா இணைப்பு என்பதால் ஒவ்வொரு காலும் 11,000 வோல்ட்டை முழுசாகத் தாங்க வேண்டும். 11,000-ஐ 250ஆல் வகுத்தால் 44. எல்.டி.யில் ஒரு சுற்று என்றால் எச்.டி.யில் 44 சுற்று. எங்கள் டிசைனில் எல்.டி.க்கு 60 சுற்று, எச்.டி.க்கு 2,640. அதை ஒரேயடியாகச் சுற்றாமல் காலுக்கு நான்கு காயிலாகப் பிரித்து, காயிலுக்கு 660 சுற்று வீதம் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இணைப்போம்.

எல்.டி.க்குத் தடித்த பட்டைக் கம்பி. 133 ஆம்பியர் அதில் ஓடும். எச்.டி. லைனில் ஓடுவது வெறும் 5.25 ஆம்பியர், ஆகவே மெல்லிய உருண்டைக் கம்பி. காயில் சுற்றும் அச்சான ஃபார்மரை மெஷினில் மாட்டி, பெடலை மிதித்தால் சுழலும். இடக்கையில் கம்பி, வலக்கை சுற்றைச் சுற்றோடு நெருக்கும். ஒரு வரிசை முடிந்ததும் காகிதம் ஒரு மடிப்பு. அதற்குமேல் அடுத்த வரிசை. பம்பரத்துக்குக் கயிறு சுற்றுவதுபோல, முதல் சுற்று சரியாக உட்கார்ந்தால்தான் மேலே வருவதெல்லாம் உட்காரும். "இழுத்தா கம்பி மெலிஞ்சுடும், விட்டா காயில் லூசாயிடும். ரெண்டும் வேணாம் பாப்பா" என்பார் அக்கா. மெஷினில் சுற்றெண்ணும் கவுன்டர் இருந்தது. ஆனாலும் பழகிய கைகளுக்கு வரிசையில் ஒரு சுற்று குறைந்தால் பக்கவாட்டு இடைவெளியைப் பார்த்தே தெரிந்துவிடும்.

லைன் வந்து சேரும் முனையில் உள்ள சுற்றுகளுக்குக் காகிதம் கூடுதலாகப் போடச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டேன். இடி இறங்கினால் அந்த அதிர்ச்சி அலை காயில் முழுவதும் சமமாகப் பரவாது. முதல் சில சுற்றுகளின் தலையில்தான் பெரும்பங்கு விழும் என்று எங்கள் இன்ஜினியர் சார் கரும்பலகையில் வரைந்து காட்டினார். அவர் அப்படித்தான். காயில் சுற்றும் பெண்களுக்கு எதற்குத் தியரி என்று நினைத்தவர் அல்ல. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் எங்களுக்காக ஒதுக்குவார்.

அவர் சொல்லித்தான் ஃபாரடேயைத் தெரிந்துகொண்டேன். 1831இல் ஓர் இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் தனித்தனிக் கம்பி சுற்றி, ஒன்றில் மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் பார்த்தபோது, தொடாமல் இருந்த மற்றொன்றில் மின்சாரம் துடித்ததாம். 54 வருஷம் கழித்து, 1885இல், புடாபெஸ்ட் நகரத்துக் கான்ஸ் தொழிற்சாலையில் ஸிபர்னோவ்ஸ்கி, டேரி, பிளாத்தி என்ற மூன்று இன்ஜினியர்கள் இன்று நாம் பார்க்கும் மூடிய கோர் டிரான்ஸ்பார்மரைச் செய்தார்கள். 1891இல் ஜெர்மனியில் லாஃபனிலிருந்து பிராங்பர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தூரம் மூன்று ஃபேஸ் மின்சாரம் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் எங்கோ மலையில் விழும் தண்ணீரை வைத்து எங்கோ இருக்கும் ஊருக்கு விளக்குப் போட முடியும் என்பதை உலகம் நம்பியது. நம் பக்கத்தில் 1932இல் நீலகிரியின் பைக்காரா மின்நிலையம் அதைச் செய்தது. அந்த மின்சாரம்தான் கோயம்புத்தூர் ஆலைகளைப் பெருக்கியது.

எதற்காக வோல்ட்டை ஏற்றி இறக்க வேண்டும் என்பதற்கு எங்கள் 100 கே.வி.ஏ.வையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். அதே சக்தியை 433 வோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் 133 ஆம்பியர். 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 5.25. கம்பியில் வீணாகும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. 133-ஐ 5.25ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் ஏறக்குறைய 640. ஒரே கம்பியில் வீணாவது 640 மடங்கு குறைகிறது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ரயில் ஜன்னலில் தெரியும் டவர் லைன்களை வேறு கண்ணோடு பார்த்தேன்.

பிறகு எங்கே எந்த வகை டிரான்ஸ்பார்மர் என்று விளக்கினார். வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில் ஓடத் தொடங்கியபோது அதையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டார். அங்கே 210 மெகாவாட் ஜெனரேட்டர் தருவது 15.75 கிலோவோல்ட். ஏற்றும் டிரான்ஸ்பார்மர் அதை 230 கிலோவோல்ட்டாக்குகிறது. எங்கள் பக்கத்துக் கொரட்டூரில் 230 கிலோவோல்ட் துணைமின் நிலையம் உண்டு. அங்கே 110 ஆகி, பிறகு 33, 11 என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் தெருவில் 433. துணைமின் நிலையத்தில் இருக்கும் பெரியவற்றுக்குப் பவர் டிரான்ஸ்பார்மர் என்று பெயர். முழு லோடுக்குப் பக்கத்திலேயே ஓடுபவை. ஃபேன் வைத்துக் குளிர்விப்பார்கள். வோல்ட்டைச் சரிசெய்ய ஓடும்போதே டேப் மாற்றுவார்கள். உள்ளே வாயு சேர்ந்தால் மணியடிக்கும் புக்ஹோல்ஸ் ரிலே இருக்கும். தெருவில் நிற்பது டிஸ்டிரிபியூஷன் டிரான்ஸ்பார்மர். ராத்திரி இரண்டு மணிக்கு லோடு இல்லாவிட்டாலும் மின்சாரத்திலேயே நிற்க வேண்டியது. ஆகவே அதன் கோர் நஷ்டம் குறைவாக இருக்க வேண்டும்.

இவற்றைத் தவிர மண்ணூர்பேட்டையைச் சுற்றியே எத்தனை வகை! வெல்டிங் ஷெட்டில் வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைப் பெருக்கும் வெல்டிங் டிரான்ஸ்பார்மர். மெஷின் பேனலுக்குள் 415-ஐ 110 ஆக்கும் சின்னக் கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மர். ஃபவுண்டரியில் இன்டக்ஷன் ஃபர்னஸுக்கான டிரான்ஸ்பார்மர். மீட்டருக்காக ஆம்பியரை அளவாகக் குறைத்துத் தரும் சி.டி., வோல்ட்டைக் குறைத்துத் தரும் பி.டி. ஸ்டெபிலைசருக்குள் ஒரே காயிலை இரு பக்கமும் பங்கிட்டுக்கொள்ளும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர். பிற்காலத்தில் பழைய தொழிற்சாலை நிலங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. அவற்றுக்குள் எண்ணெய் ஊற்றியதை வைக்க விதி இடம் தராததால், காயிலை ரெசினில் வார்த்த உலர் டிரான்ஸ்பார்மர்கள் வந்தன. உருவம் எதுவானாலும் அடிப்படை ஒன்று: ஒரு கோர், அதன்மேல் சுற்று, சுற்றுக்குக் காப்பு.

கோர் அடுக்கும் அண்ணன்மார்களின் வேலையை நான் நின்று பார்ப்பேன். சிலிக்கான் கலந்த, ஒரு திசையில் காந்தத்தை எளிதாக ஓடவிடும் சி.ஆர்.ஜி.ஓ. தகடு. தடிப்பு 0.27 மில்லிமீட்டர். கட்டி இரும்பாக இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் ஓடிச் சூடேறும். மெல்லிய தகடாக, தகடுக்குத் தகடு காப்புப் பூச்சோடு இருந்தால் அது கட்டுப்படும். மூலைகளை 45 டிகிரியில் வெட்டி, இடைவெளி தெரியாமல் பொருத்துவார்கள். வெட்டிய ஓரத்தில் பிசிறு இருக்கக் கூடாது. இரும்புச் சுத்தியல் படக் கூடாது. அடித்தால் தகட்டின் குணமே கெடும் என்று மரச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சேர்ப்பார்கள். தெருவில் கேட்கும் அந்த 'ம்ம்' ஓசை இந்தத் தகடுகளுடையது. 50 சைக்கிள் மின்சாரத்தில் அவை நொடிக்கு 100 தடவை நுண்ணளவு நீண்டு சுருங்குகின்றன. தளர்வாக அடுக்கிய கோர் சத்தம் கூடுதலாகப் போடும்.

கோரில் காயிலை இறக்கி, கோரின் மேல் சட்டமான யோக்கை மூடி, கிளாம்ப் போட்டு இறுக்கியதும் டேங்கில் போட்டுவிட முடியாது. காகிதம் காற்றிலிருந்து ஈரம் குடித்திருக்கும். சாதாரணமாக அதன் எடையில் 6, 7 சதவீதம் தண்ணீராகவே இருக்கும். அதை அரை சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கிய ஓவனில் அசெம்பிளி போகும். மணிக்கொரு தரம் காப்பை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்ப்போம். முதலில் இன்சுலேஷன் அளவு விழும். புதிதாகப் பார்ப்பவருக்குப் பயமாக இருக்கும். சூட்டில் ஈரம் கிளம்பும்போது அப்படித்தான் விழும். பிறகு மெல்ல ஏறும். ஏறி, ஒரே அளவில் நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள். ஐப்பசி கார்த்திகை மழையில் இந்த வேலை பெரும்பாடு. ஓவனிலிருந்து எடுத்த அசெம்பிளி வெளியே நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் காகிதம் மறுபடி ஈரம் குடிக்கும். டேங்க், வடிகட்டிய எண்ணெய், செயின் பிளாக் எல்லாம் தயாராக நிற்கும். கதவு திறந்ததும் யாரும் பேச மாட்டார்கள்.

எண்ணெய்க்கு இரண்டு வேலை. காப்பாக இருப்பது ஒன்று. காயிலின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே ஏறி, ரேடியேட்டர் வழியாகக் கீழிறங்கி, காற்றிடம் விடுவது மற்றொன்று. சூடானால் எண்ணெய் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். அப்போது டிரான்ஸ்பார்மர் மூச்சு விடும், மூச்சு வாங்கும். அந்தக் காற்றில் ஈரம் போகாமல் தடுக்க பிரீதரில் சிலிக்கா ஜெல் இருக்கும். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்துத் தீர்ந்தால் இளஞ்சிவப்பு. பிரீதரைப் பார்க்கத் தெரிந்தவருக்கு உள்ளே காகிதம் எப்படி இருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

மாலை நேரத்தில் டிப்ளமோ படித்து முடித்ததும் என்னை டெஸ்டிங்குக்கு மாற்றினார்கள். என் கையால் சுற்றியதை இப்போது நானே சோதிக்க வேண்டும். சுற்று விகிதம் ஒவ்வொரு காலிலும் 44 வருகிறதா என்று முதலில் பார்ப்பேன். பிறகு காயிலின் ரெசிஸ்டன்ஸ். எச்.டி.யைத் திறந்துவிட்டு எல்.டி.யில் 433 வோல்ட் கொடுத்தால் கோர் எவ்வளவு தின்கிறது என்று தெரியும். எல்.டி.யை ஷார்ட் செய்துவிட்டு எச்.டி.யில் வெறும் 495 வோல்ட் கொடுத்தாலே முழு ஆம்பியரும் ஓடிவிடும், 11,000-இல் 4.5 சதவீதம். அதில் கம்பி எவ்வளவு தின்கிறது என்று தெரியும். கடைசியில் அழுத்தச் சோதனைகள். எச்.டி.க்கு 28 கிலோவோல்ட், ஒரு நிமிஷம். பிறகு எல்.டி.யில் இரட்டை வோல்ட், 100 சைக்கிளில், இன்னொரு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷமும் மீட்டரின் முள்ளைத் தவிர எதையும் பார்க்க மாட்டேன். எங்கோ ஒரு மடிப்பில் காகிதம் விலகியிருந்தால் அங்கேதான் வெடிக்கும். எண்ணெயையும் தனியாக, 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று உடைத்துப் பார்ப்போம்.

அந்நாளில் 100 கே.வி.ஏ.வுக்குக் கோர் நஷ்டம் 260 வாட், முழு லோடு நஷ்டம் 1,760 வாட் என்பது கணக்கு. 260 வாட் கேட்கச் சிறியது. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஒரு விளக்குகூட எரியாவிட்டாலும் 2,278 யூனிட் போய்விடும். நாடு முழுக்கத் தெருவுக்குத் தெரு நிற்கும் டிரான்ஸ்பார்மர்களோடு இதைப் பெருக்கிப் பாருங்கள். 2014இல் திருத்தி வந்த ஐ.எஸ். 1180 தரவிதி, கோரையும் கம்பியையும் சேர்த்தே எல்லை கட்டியது. நஷ்டத்தை வைத்து மூன்று நிலைகள். இரண்டாம் நிலை 100 கே.வி.ஏ.வுக்குப் பாதி லோடில் 475 வாட், முழு லோடில் 1,650 வாட். 

அந்த எண்ணைத் தொட வேண்டுமானால் தகடு நல்லதாக இருக்க வேண்டும். சி.ஆர்.ஜி.ஓ. தகட்டில் பெரும்பகுதி இன்றும் இறக்குமதி. பழைய டிரான்ஸ்பார்மரிலிருந்து பிரித்து, மறுபடி வெட்டிப் புதியதாக விற்ற தகடும் ஒரு காலத்தில் சந்தையில் வரும். அப்படி ஒரு லாட் எங்களுக்கும் வந்தது. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. டெஸ்டிங் மேஜையில் வாட் மீட்டர் காட்டிக்கொடுத்தது. முதலாளி ஒரு வார்த்தை பேசாமல் அடுக்கிய கோரை முழுக்கப் பிரிக்கச் சொன்னார். அந்த மாதம் சம்பளம் தாமதமானது. ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. மீட்டரை எல்லோரும் பார்த்திருந்தோம்.

எங்கள் கம்பெனியின் பெரிய நாள், ஒரு டிரான்ஸ்பார்மர் பெங்களூர் போய் வந்த நாள். 1960இல் தொடங்கிய மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனத்தின் (சி.பி.ஆர்.ஐ.) ஆய்வகத்தில் ஷார்ட் சர்க்யூட் சோதனை. 4.5 சதவீத இம்பிடன்ஸ் உள்ள டிரான்ஸ்பார்மரில் ஷார்ட் ஆனால் ஆம்பியர் 22 மடங்கு பாயும். காயில்களை ஒன்றையொன்று தள்ளும் விசை 22-இன் வர்க்கம், கிட்டத்தட்ட 490 மடங்கு. அதைக் காலுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரை நொடி கொடுப்பார்கள். முன்னும் பின்னும் அளக்கும் ரியாக்டன்ஸ் 2 சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது. பிறகு டேங்கைத் திறந்து காயிலைப் பார்ப்பார்கள். இன்ஜினியர் சார் திரும்பி வந்ததும் நேராக வைண்டிங் பிரிவுக்குப் போனார். "காயில் ஒரு மயிரிழை நகரலம்மா" என்று அக்காவிடம் சொன்னார். "நகர்றதுக்கா சார் சுத்தினோம்" என்றார் அக்கா. அன்றைக்கு எல்லோருக்கும் மெயின் ரோட்டுக் கடையிலிருந்து பாதுஷா வந்தது.

புதியதைச் செய்வதற்கு இணையாகப் பழுதானதைப் பிரிக்கும் வேலையும் எங்களுக்கு இருந்தது. பல ஊர்களிலிருந்து எரிந்த டிரான்ஸ்பார்மர்கள் லாரியில் வரும். மூடியைத் திறந்ததும் வரும் அந்தக் கருகிய எண்ணெய் நெடி துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். எரிந்த காயில் பொய் சொல்லாது. லைன் முனைச் சுற்றுகள் மட்டும் வெந்திருந்தால் இடி. காயில் ஒருபக்கமாகத் தள்ளி நெளிந்திருந்தால் எல்.டி. லைனில் ஷார்ட், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ தடித்த கம்பி கட்டியிருப்பார்கள். மேல் காயில்கள் மட்டும் கருகியிருந்தால் எண்ணெய் மட்டம் இறங்கியிருக்கிறது. கசிவு அல்லது திருட்டு. ஒரு கால் கரியாகி மற்ற இரண்டும் புதுசாக இருந்தால், தெருவின் லோடு முழுக்க ஒரே ஃபேஸில் போயிருக்கிறது. மூன்று கால்களிலும் காகிதம் ஒரே மாதிரி காப்பி நிறத்தில் பொடியாக உதிர்ந்தால், அது வருஷக்கணக்கில் தாங்க முடியாத லோடில் மெல்லச் செத்தது. இந்தக் கடைசி வகைதான் வருஷத்துக்கு வருஷம் கூடியது.

அதன் கணக்கைச் சொல்கிறேன். காயிலின் மிகச் சூடான இடம் 98 டிகிரியில் இருக்கும்வரை சாதாரணக் காப்புக் காகிதம் எதிர்பார்த்த வேகத்தில் வயதாகும். அதற்குமேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் அந்த வேகம் இரட்டிக்கும். 110 டிகிரியில் ஓடினால் நான்கு மடங்கு வேகம். முன்பு சித்திரை வெயிலிலும் ராத்திரி பத்து மணிக்கு மேல் லோடு இறங்கும். டிரான்ஸ்பார்மர் விடியும்வரை ஆறும். இப்போது ராத்திரிதான் ஏ.சி.கள் எல்லாம் ஓடுகின்றன. வெளியே காற்றும் ஆறுவதில்லை. ஓய்வில்லாத டிரான்ஸ்பார்மருக்குள் காகிதம் படும் பாட்டைப் பிரித்துப் பார்த்த எங்களுக்குத் தெரியும்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் தொழிற்பேட்டையை மூழ்கடித்தது. மெஷின்கள் தண்ணீரில் நின்றன. சிறு தொழில் செய்தவர்களின் முதலீடு சேற்றில் கிடந்தது. மேடையில் தாழ வைத்த டிரான்ஸ்பார்மர்களும் நனைந்தன. நான் வேலையை விட்டிருந்தேன். ஆனாலும் தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றே: "எப்ப சார்ஜ் பண்ணலாம்?" எண்ணெயை அடியிலிருந்து எடுத்துப் பாருங்கள், தண்ணீர் அடியில்தான் நிற்கும். எண்ணெயை உடைத்துப் பாருங்கள், மெக்கர் பாருங்கள், சந்தேகம் இருந்தால் ஓவனுக்கு அனுப்புங்கள் என்றேன். பொறுத்துக் காயவைத்தவர்களின் டிரான்ஸ்பார்மர்கள் பிழைத்தன. அவசரப்பட்டுச் சுவிட்ச் போட்ட ஓரிடத்தில் அன்றைக்கே காயில் போனது. ஈரமான காகிதத்துக்கு 11,000 வோல்ட்டைத் தாங்கும் தெம்பு கிடையாது.

என்னோடு காயில் சுற்றிய பெண்களில் பலர் கண் பார்வை மங்கி, விரல் மூட்டு வலித்து, ஓய்வெடுத்துவிட்டார்கள். அவர்கள் சுற்றிய காயில்களில் எத்தனையோ இன்னும் ஏதேதோ ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெயர்ப் பலகையில் கம்பெனியின் பெயர், சீரியல் நம்பர், கே.வி.ஏ., வெக்டர் குரூப் எல்லாம் இருக்கும். சுற்றியவரின் பெயர் இருக்காது. இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தறியில் நெய்தவரை மதிக்கிற நாடு, காயில் சுற்றியவரையும் மதிக்கலாம். தொழிற்பேட்டை ஐ.டி.ஐ.களில் இந்த வேலையைப் பெண்களுக்கு முறையாகக் கற்றுக்கொடுத்து, சான்றிதழும் அதற்கேற்ற கூலியும் தர வேண்டும். தானியங்கி மெஷின் வந்தாலும் காகிதத்தைத் தொட்டுப் பார்த்து ஈரம் சொல்லும் விரல் தேவைப்படும்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் புது ஏ.சி. மாட்டினால், மோட்டார் கூட்டினால், மின்வாரியத்தில் லோடைக் கூட்டி எழுதிக்கொடுங்கள். தெருவில் எத்தனை கிலோவாட் என்று அவர்களுக்குத் தெரிந்தால்தான் 100 கே.வி.ஏ. இருக்கும் இடத்தில் 250 வைக்க முடியும். டிரான்ஸ்பார்மர் அடியில் குப்பை கொட்டாதீர்கள், கொளுத்தாதீர்கள். அடியில் எண்ணெய் சொட்டுவதைப் பார்த்தால், பிரீதர் இளஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்தால், யாராவது சொல்வார்கள் என்று விடாமல் நீங்களே சொல்லுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. இரவும் பகலும் எடுப்பார்கள்.